ஒரு விரற்கடை தள்ளி

"இதை யாரு இங்க வச்சா?"

சேதி கேட்டு வந்து, கூடத்தில் அப்பாவைக் கிடத்திவிட்டு நிமிர்ந்த அண்ணன், மேஜையின் அந்தக் கோடியில் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் காட்டிக் கேட்டான். நாற்காலி இந்தப் பக்கம். அதில் உட்கார்ந்தபடிதான் அப்பாவின் உயிர் போயிருந்தது.

"தண்ணி நான்தான் வச்சேன்" என்றாள் தங்கை. "ஆனா அங்க இல்ல."

பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன அப்பா, பட்டறை ஃபிட்டர், தானே கண்டுபிடித்த வைத்தியம் அது. தினமும் காலையில் டம்ளரை நேற்றைவிட ஒரு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும். அவர் அந்த வலது கையால் எட்டி எடுப்பார். எழுந்து நிற்கத்தான் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அவள் சாக்பீஸால் மேஜையில் கோடு போட்டு வந்தாள். "திரும்ப ஸ்பானர் பிடிக்கணும்டி" என்று குழறுவார். எப்போதாவது ஒரு போன் போட்டு மகன் கடமையை முடித்துக்கொள்பவனுக்கு அந்தக் குழறல் எங்கே புரியப்போகிறது!

"என் தம்பி தாகத்துல தவிச்சிருக்கானே" என்று அண்ணனோடு வந்த அத்தை அரற்றினாள்.

"அப்பாதான் அத்தை தள்ளி வைக்கச் சொன்னாரு."

"பேச்சே வராதவரு சொன்னாராக்கும்!" அண்ணன் சீறினான். "உன் பயிற்சியும் நீயும். ஒரு வாய் தண்ணி எட்டல மனுசனுக்கு."

அவள் மேஜையின் கோடுகளைப் பார்த்தாள். காலையில் வேலைக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே வைத்தாள். கடைசிக் கோட்டில்தானே வைத்தேன்? டம்ளர் அதற்கு ஒரு முழம் அப்பால் நிற்கிறதே. அவசரத்தில் நானே... சத்தியம் செய்யச் சொன்னால் அவளால் முடியாது.

அண்ணன் டம்ளரை வெடுக்கென்று பிடுங்கினான். மேலே சிந்துமென்று அத்தை ஒதுங்கினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கவிழ்த்துப் பார்த்தான். காலி.

"குடிச்சிருக்கான்" என்றாள் அத்தை.

"குடிச்சிட்டு? இவ்வளவு தூரம் யாரு கொண்டுபோய் வச்சது?"

"வீட்ல வேற யாரும் இல்லண்ணா."

அவன் நம்பவில்லை. அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, டம்ளரை அது இருந்த கோடியிலேயே வைக்கக் கையை நீட்டினான். அப்பாவைவிட ஒரு சாண் உயரம் அவன். எட்டவில்லை. நெஞ்சை மேஜையில் அழுத்திக்கொண்டு நீட்டினான். அப்போதும் எட்டவில்லை.

"எந்திரிக்காம முடியாதுண்ணா."

அவன் எழுந்து நின்று வைத்தான். பிறகு வெகுநேரம் உட்காரவே இல்லை.