வியாழக்கிழமைக் குளிர்

ஹேக்லர் ஊற்றுப் பூங்காவின் மரப்பாலத்தில் சாய்ந்துகொண்டு மெரிடித் கால்மணி நேரமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி மணல் தெரியும் தெளிந்த நீர். இரண்டு ஆமைகள், ஒரு நீளமூக்கு மீன். அவ்வளவுதான்.

“எங்கே உங்க கடற்பசு?”

“ஆத்துல மேஞ்சுகிட்டு இருக்கும்,” என்றாள் வெர்னா. “வெயில் அடிக்குது பாரு. ஆத்துத் தண்ணியே இதமா இருக்கறப்போ அது எதுக்கு ஊத்துக்கு வரணும்?”

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பதினோரு குளிர்காலமாக இந்தப் பூங்காவில் சம்பளமில்லாத வழிகாட்டி. மார்ச் மாதம் மெரிடித்தின் அப்பா ஹாலிஸைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவள். மகள் வந்து பக்கத்தில் நிற்காமல் தேவாலயப் படி ஏற மாட்டேன் என்று ஹாலிஸ் சொல்லியிருந்தார். மகளோ வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று ஒஹாயோவிலிருந்து கிளம்பி வந்து, அப்பா வீட்டில்கூடத் தங்காமல் விடுதியில் அறை எடுத்திருந்தாள். நாளை செவ்வாய்க்கிழமை மாலை அவளுக்கு விமானம்.

ஹாலிஸ் அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார்.

“தினமும் ஆத்துத் தண்ணியோட சூட்டை அளக்கிறவர் நீங்க,” என்று வெர்னா பிடித்துக்கொண்டாள். “கடற்பசுவைப் பார்க்க மகளைக் கூப்பிடணும்னா, தேடிப் பிடிச்சு இந்த வாரத்தையா எடுப்பீங்க?”

ஹாலிஸ் காதைச் சொறிந்தார். “புள்ள அங்க பனியிலயே கிடக்குது. இங்கயும் வந்து நடுங்கணுமான்னு வெயிலா இருக்கற வாரமாப் பார்த்தேன்.”

“கடற்பசு?”

“அதை நான் யோசிக்கல.”

மெரிடித்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கடலைத் தோலைக் குப்பைத்தொட்டியில் போட அவர் நகர்ந்ததும் குரலைத் தணித்தாள்.

“வெளிப்படையாவே சொல்லிடறேன், மிஸ் வெர்னா. அம்மா போனப்புறம் ரெண்டு வருஷம் தினமும் காலைல அவருக்கு போன் பண்ணுவேன். மத்தியானம் வரைக்கும் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டார். இப்ப ஊர் மாறி வந்து, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேங்கறார். போன்ல யார் வேணா நல்லா இருக்கலாம்.”

வெர்னாவிடம் இதற்குப் பதில் நிறைய இருந்தது. ஆனால் முப்பது வருடம் அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவளுக்கு, எங்கே வாயை மூடிக்கொள்வது என்றும் தெரியும்.

“நாளைக்கு ராத்திரி வாடைக்காத்து இறங்குது. டிக்கெட்டை வியாழன் சாயங்காலத்துக்கு மாத்து. வியாழன் காலைல ஏழு மணிக்கு இங்க நூறு கடற்பசுவாவது நிக்கும். நிக்கலைன்னா இந்த மோதிரத்தைக் கழட்டி உங்க அப்பா கையில கொடுத்துடறேன்.”

“மிருகத்தை நம்பியா மோதிரத்தைப் பணயம் வைக்கறீங்க?”

“மிருகத்தை இல்ல கண்ணு, தண்ணியை. இந்த ஊத்து வருஷம் முழுக்க எழுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட். ஆத்துத் தண்ணி அறுபத்தெட்டுக்குக் கீழ போச்சுன்னா அதுங்களுக்கு வேற போக்கிடம் கிடையாது.”

மெரிடித் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்து டிக்கெட்டை மாற்றினாள்.

வியாழன் காலை மூச்சு விட்டால் புகை வந்தது. வெர்னா தன் தடித்த கோட்டை எடுத்துக்கொண்டு விடுதி வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

“அப்பாவை எழுப்பிக் கூட்டிட்டு வர வேண்டாமா?” என்றாள் மெரிடித், கோட்டுக்குள் புகுந்துகொண்டே.

“முதல்ல கடற்பசுவைப் பார்ப்போம், வா.”

ஊற்றின் மேல் வெண்ணிற ஆவி படர்ந்திருந்தது. அதற்கடியில் கரைக்குக் கரை சாம்பல் நிற முதுகுகள், ஒன்றையொன்று உரசியபடி. ஒரு தாயின் அக்குளில் வாய் வைத்துக் கன்று ஒன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. மூக்குகள் நீருக்கு மேலே வந்து புஸ்ஸென்று மூச்சு விட்டு, அவசரமே இல்லாமல் உள்ளே போயின. நடுவில் சிறு படகில் ஒரு பெண் விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். மெரிடித் கைப்பிடிக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“அறுபத்திரண்டு,” என்று ஒரு குரல் கேட்டது.

ஊற்று ஆற்றில் சேரும் இடத்துப் படித்துறையில் ஹாலிஸ் நின்றிருந்தார். காதை மூடும் மடல் தொங்கும் குல்லா. கையில் கயிறு, கயிற்று நுனியில் நீர் சொட்டும் வெப்பமானி. பற்களில் கடித்திருந்த பென்சிலை எடுத்து ஆற்று நீரின் சூட்டை ஏட்டில் குறித்துக்கொண்டார்.

மெரிடித்தின் கண் கடற்பசுவை விட்டு அங்கே போனது, போனது திரும்பவில்லை.

“எப்ப வந்தார்?”

“ஆறு மணிக்கு. நவம்பர்லேர்ந்து தினமும் அந்த நேரம்தான்.”

“நீங்க எழுப்பி விடுவீங்களா?”

“நானா? காலைல என்னை போன் பண்ணி எழுப்பறதே அவர்தான். நான் எடுக்கற வரைக்கும் விடமாட்டார்.”

மெரிடித் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். படகுக்காரி கரையைப் பார்த்து நூற்று எண்பத்தாறு என்று குரல் கொடுத்தாள்.

“மோதிரம் தப்பிச்சுது,” என்றாள் வெர்னா.

“அது கிடக்கட்டும். மார்ச்ல இங்க குளிருமா? என்ன உடுப்பு எடுத்துட்டு வரணும்னு பார்க்கணும்.”

“குளிராது. அப்ப இதுங்கல்லாம் ஆத்துக்குத் திரும்பிடும். அதான் மார்ச்ல வெச்சோம். அதுக்கு முன்னாடி உங்க அப்பாவுக்கு லீவு கிடையாதே.”

அப்போதுதான் ஹாலிஸ் மகளைக் கண்டார். குல்லாவைத் தூக்கி ஆட்டினார்.

“மெரிடித், ரொம்பக் குளிருதாம்மா?”

“குளிருதுப்பா,” என்றாள் அவள், படித்துறையை நோக்கி இறங்கியபடி. “அந்தக் கயித்தை இப்படிக் கொடுங்க.”