கண்ணாடிக் குழாயில் என் தம்பி

தம்பிக்குக் கணையம் வீங்கியிருக்கிறது என்றதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். "குடிச்சிருப்பான்" என்றார்கள். சோடாவையே பாதி மீதி வைப்பவன் அவன். பித்தப்பையிலிருந்து நழுவிய கல் கணையத்தின் குழாயை அடைத்ததை எத்தனை பேருக்கு விளக்குவது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணையத்தில் ஒரு பக்கம் அழுக ஆரம்பித்திருந்தது. "அழுத்தத்துல ஆக்சிஜன் குடுத்துப் பாக்கலாம். ஆனா கேக்கும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர். அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். சரி என்றேன்.

ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள்தான் ஆக்சிஜனை அழுத்தி நிரப்புவார்கள். அவனுக்குப் பருத்தி உடை மாட்டி, உள்ளே தள்ளி, கதவைத் திருகி மூடினார்கள். வெளியே ஒரு மைக். பொத்தானை அழுத்தினால் நான் பேசலாம். விட்டால்தான் அவன் குரல் வரும்.

முதல் நாள் நான் விடவே இல்லை. "வலிக்குதுன்னு அன்னிக்கே சொல்றதுக்கு என்னடா? வாய வாடகைக்கு விட்டிருந்தியா?"

"அம்மா, கைய எடுங்க. அவரு ஏதோ சொல்றாரு," என்றார் குழாயை இயக்கும் டெக்னீஷியன்.

எடுத்தேன். "காது அடைக்குதுக்கா," என்றான் தம்பி. எச்சில் விழுங்கச் சொன்னார் டெக்னீஷியன். விழுங்கினான். "இப்ப சரியாயிடுச்சு. நீ நிறுத்தாத, திட்டு. உள்ள பயமா இருக்கு. உன் சத்தம் கேட்டா வீட்ல இருக்கற மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு தினமும் திட்டினேன். நடுநடுவே கையை எடுப்பேன், "ம்" என்பான். ஒருநாள் காய்ச்சல்கூட இறங்கியது. பிழைத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

மறுநாள், சின்ன வயதில் அவன் என் சைக்கிளை உடைத்த கதையை இழுத்துவைத்துத் திட்டிவிட்டுக் கையை எடுத்தேன். "ம்" வரவில்லை. காற்று இரைவது மட்டும் கேட்டது. டெக்னீஷியன் திரையைப் பார்த்தார். டாக்டரைக் கூப்பிட்டார்.

"கதவத் திறங்க!"

"அழுத்தம் இறங்காம திறக்க முடியாதும்மா. இறக்கிட்டுத்தான் இருக்கேன்."

கண்ணாடிக்குள் அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. பொத்தானை அழுத்தினேன். "டேய், சைக்கிள சுவத்துல மோதினது நீதான்னு எனக்கு அப்பவே தெரியும். ஒத்துக்கோடா. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கதவு திறந்தது. அவனை வெளியே இழுத்து மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். பிறகு டாக்டர் நிமிர்ந்து நின்றார். நான் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, கைய எடுங்க. உள்ள யாருமில்ல," என்றார் டெக்னீஷியன்.

எனக்குத் தெரியாதா? எடுத்தால், அவன் பதில் சொல்லாதது கேட்டுவிடும்.