கடிக்கிற புத்தி

மூச்சிரைப்புக்குப் புது மாத்திரை போட ஆரம்பித்த பிறகுதான், சித்தாளின் மகள் பள்ளியில் மற்ற பிள்ளைகளைக் கடித்தாள். இன்னொரு முறை கடித்தால் பள்ளிப் பக்கமே வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

“அப்படியே உன் அண்ணன் புத்தி!” என்றாள் நாத்தனார். நாள் முழுக்கக் கலவைச் சட்டி சுமந்து கழுத்து விட்டுப்போயிருந்த சித்தாள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“சில பிள்ளைங்களுக்கு இந்த மாத்திரையே இப்படிப் பண்ணும்மா,” என்று டாக்டர் மருந்தை மாற்றினார்.

“இதை மொதல்லயே சொல்ல வாய் வலிச்சுதா சார்?”

சில வாரங்களில் மகள் பழையபடி ஆனாள். பள்ளியிலும் புகார் நின்றது. நாத்தனார் வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

“எவ்வளவு அடக்கம் பாரு! எங்க ரத்தமாச்சே.”

“அவ மாத்திரை தின்னு கடிச்சா அண்ணி. நீங்க எதைத் தின்னு கடிக்கிறீங்க?”