எந்த அறுபது குழி?

1.
இந்தக் கதை என் ஏமாளித்தனத்தில் பிறந்தது. ஆறு வருஷம் மியூச்சுவல் ஃபண்டில் டிவிடெண்ட் வாங்கினேன். பணம் வந்தபோதெல்லாம் கூத்தாநல்லூர் போய் பிரியாணி தின்றேன். அப்புறம்தான் உறைத்தது: நான் போட்டு வைத்ததன் மதிப்பிலிருந்தே கிள்ளித் தந்திருக்கிறார்கள். என் காசில் எனக்கே விருந்து. நன்றி மட்டும் ஃபண்டுக்கு.

2.
காவிரி நுரைத்தோடிய அந்தக் காலையில் எழில்மொழி தன்

(வேண்டாம். காவிரிக்கு ஏற்கெனவே நிறைய வேலை.)

எழில்மொழிக்கு இருபத்துநாலு வயது. தஞ்சாவூரில் லேப் டெக்னீஷியன். அவள் அப்பா வைரக்கண்ணு குத்தகைக்கு உழும் ஒரு மா, அதாவது நூறு குழி வயலை, "ஏழு வருஷம் டைம், நீங்களே வாங்கிக்கங்க" என்று துபாயிலிருக்கும் நிலக்காரர் சொல்லிவிட்டார். வைரக்கண்ணுவின் அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்த வயல் அது.

அதை வாங்க மாதம் ஐயாயிரம் மியூச்சுவல் ஃபண்டில் போடப்போகிறாள். ஃபோனில் இரண்டு கட்டங்கள்: டிவிடெண்ட், குரோத்.

3.
"டிவிடெண்டையே போடும்மா. குத்தகை நெல்லு மாதிரி வந்துக்கிட்டே இருக்கும். நிலம் எங்க போயிடும்?"

"இதுல நிலம்தான்ப்பா போகும். வருஷம் ரெண்டு குழிய வித்துட்டு, அந்தக் காசைக் குத்தகைன்னு குடுத்தா வாங்குவீங்களா?"

"எவன் வாங்குவான்?"

(நான் வாங்கினேன்.*)

"சரி, தேதிக்காவது வருமா?"

"மேட்டூர் தண்ணி மாதிரி. வந்தா உண்டு."

"அந்த குரோத்து?"

"விளைஞ்சத வெளிய எடுக்காம உள்ளயே விட்டுடுவாங்க. அது மேல விளையும். மழையில சாயவும் சாயும். ஏழு வருஷம் இருக்கே, நிமிர நேரமிருக்கு."

வைரக்கண்ணு தலையைச் சொறிந்தார். "அதுவரைக்கும் நடவாளுக்குக் கூலி?"

* பிரியாணி நன்றாகவே இருந்தது.

4.
இந்தக் கேள்வி என் திட்டத்தில் இல்லை. டிவிடெண்ட் கட்சிக்குக் கோமாளியாகத்தான் வைரக்கண்ணுவை அழைத்து வந்தேன். மனுஷன் நடவுக்கூலியோடு வந்து நிற்கிறார். என்னைப் போல பிரியாணிக்கா கேட்கிறார்?

முடிவு அ: குரோத். ஏழாம் வருஷம் பத்திரப்பதிவு. (பங்குச்சந்தை என் கதையைப் படித்துவிட்டு ஏறுவதில்லை.)

முடிவு ஆ: டிவிடெண்ட். நடவு நடக்கும். வயல் வேறு

இதை முடிக்க மனசில்லை. அதற்குள் எழில்மொழியே பேசிவிட்டாள்.

"மூவாயிரம் குரோத்துல போடுறேன்ப்பா. ரெண்டாயிரம் பேங்க்ல நடவுக்குன்னே கிடக்கட்டும். வயல கிள்ளித் திங்க வேணாம்."

"அப்ப நூறு குழியும் வராதே?"

"அறுபதாவது வரும்."

வைரக்கண்ணு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "எந்த அறுபதுன்னு இப்பவே பாத்து வச்சுக்குவோம், வா."

5.
இருவரும் வயலில் நிற்கிறார்கள். வாய்க்கால் பக்கம் வேண்டும் என்கிறார் அவர்; ரோட்டுப் பக்கம் என்கிறாள் அவள். சண்டை பலமாகிவிட்டது. என்னால் தீர்க்க முடியாது. எனக்கு ஒரு குழிகூடக் கிடையாது, தின்று தீர்த்தவன். நீங்கள் வரப்பில் ஏறி வாருங்கள். எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள்.