சொந்தக் காரணங்கள்

இறந்துபோன அம்மாவின் நீல வேலைக் கோட்டில் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள் ராட்கா. சில்லென்ற கழுத்தில் விரல் பட்டபோதும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சவப்பெட்டியில் போட்டுவிடச் சொல்லி, ஜரிகை வைத்த பழைய போட்டி உடையைப் பனிச்சறுக்குச் சம்மேளனம் அனுப்பியிருந்தது. அது பிரிக்கப்படாமல் நாற்காலியில் கிடந்தது.

அம்மா விளாஸ்தா இருபத்து மூன்று வயதில் பனிச்சறுக்கு நடனத்தில் ஐரோப்பியத் தங்கம் வென்றவள். மறு வருஷம், 1968-ல், பிராக் தெருக்களில் ரஷ்ய டாங்கிகள் நுழைந்தன. நுழைந்தது சரிதான் என்று எழுதிய தாளைப் பிறகு எல்லோரிடமும் நீட்டினார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. போட்டி போயிற்று, பயிற்சி கொடுக்கவும் தடை. பதினெட்டு வருஷம் பிர்னோ நகரத்துப் பனிச்சறுக்கு அரங்கில் பனித்தளத்துக்குத் தண்ணீர் விட்டு இழைக்கும் வண்டியை ஓட்டினாள். ஆட்சி மாறியதும் பதக்கத்தோடு வந்தவர்களிடம், அது வேண்டாம், காலை ஆறு மணிக்குத் தளத்தைக் கொடுங்கள் என்றாள். போன மாதம் வரை அங்கே குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

சம்மேளனத்தின் பழைய செயலாளர் ஹலாமா உள்ளே வந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அஞ்சலி உரை அவருடையது. ஒருமுறை பார்த்துவிடச் சொல்லித் தாளை நீட்டினார். ராட்கா நின்றபடியே படித்தாள். 'சொந்தக் காரணங்களுக்காக விலகினார்' என்று ஒரு வரி இருந்தது.

"எது சொந்தக் காரணம்?"

"இன்னிக்குப் போயி பழசக் கிளற வேண்டாமேன்னுதாம்மா."

"தடைக் கடிதத்துல இருக்கறது உங்க கையெழுத்து. வீட்டுல பத்திரமா இருக்கு. அதச் சொல்றதா இருந்தா பேசுங்க. இல்லன்னா சும்மா உட்காந்துட்டுப் போங்க."

"எனக்கு அப்ப ரெண்டு பிள்ளைங்கம்மா."

"அம்மா வயித்துல நான் இருந்தேன்."

தகன மண்டபத்தின் முன்வரிசையில் அரங்கத் தொழிலாளிகளை உட்கார வைத்திருந்தாள் ராட்கா. சம்மேளனத்துக்காரர்கள் பின்னால் இடம் தேடிக்கொண்டார்கள். இசை நின்றதும் ஹலாமா எழுந்துபோய்த் தாளைப் பிரித்தார். பிறகு படிக்காமலே மடித்துப் பையில் வைத்தார்.

"விளாஸ்தா தானா விலகல. நாங்க விலக்கினோம். கையெழுத்துப் போட்டது நான்."

அவ்வளவுதான். இறங்கி வந்துவிட்டார். யாரோ இருமினார்கள். அம்மாவோடு பதினைந்து வருஷம் வேலை பார்த்த ஸ்திபோர் மட்டும் மெல்லத் தலையசைத்தார். திரை மூடும்வரை ராட்கா சவப்பெட்டியையே பார்த்தாள், அழவில்லை.

எல்லோரும் கலைந்தபின் அவள் டிராம் நிறுத்தத்துக்கு வந்தாள். கூரைக்குக் கீழே ஹலாமா தனியாக நின்றிருந்தார். அவளைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கி இடம் விட்டார். அவள் உள்ளே போகவில்லை. டிராம் வந்தது. சிரமப்பட்டு ஏறியவர், கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஏறலையாம்மா?"

"நீங்க போங்க."

கதவு மூடிக்கொண்டது. ராட்கா கழுத்துத் துணியை இறுக்கிக்கொண்டு பனித்தூறலிலேயே நின்றாள். அடுத்த டிராமுக்கு இருபது நிமிடம் இருந்தது.