துண்டை எடுத்துவிட்டுப் பிடித்த படம்

பஞ்சுவுக்கு வேலை நிரந்தரமாக வேண்டுமானால், அழிந்துகொண்டிருக்கும் பழக்கங்கள் பன்னிரண்டு வேண்டும். பம்பாய்க் கோட்டையில் அவன் வேலை பார்த்த விளம்பரக் கம்பெனியின் மானேஜர் சந்திரமௌலி அப்படித்தான் சொல்லிவிட்டார். அது நாற்பத்தெட்டாம் வருஷம். செருப்புக் கம்பெனி ஒன்று அடுத்த வருஷத்துக்குக் காலண்டர் போடுகிறது. "ஜனங்க இனிமே சாமானை வாங்கமாட்டாடா, நம்பிக்கையைத்தான் வாங்குவா" என்பது சந்திரமௌலியின் புது வேதம். மறையப்போகிற பழக்கத்தின் படத்தைப் போட்டுப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பை நிறுத்திவிட்டால் நம்பிக்கை தானாக வந்துவிடுமாம். வரட்டுமே, நமக்கென்ன!

பஞ்சு காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தாணே, டோம்பிவிலி, கல்யாண் என்று லோகல் வண்டியில் அலைந்தான். பாவம், எந்தப் பழக்கமும் அழிகிற வழியாக இல்லை. கல்யாணில் காவடி எடுத்தவர்கள் கைக்கடிகாரத்தோடு ஜோராக ஆடினார்கள்; அதைக் கழற்றச் சொன்னபோது அடிக்க வந்தார்கள். தாணேயில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற இடத்தில் கூட்டம் தாங்காமல் போலீஸ் நின்றது. மாட்டுங்காவில் அவன் பெண்டாட்டி பாகீரதியே, தாராவிப் பக்கம் போய்வந்தால் குழாயடியில் தலைமுழுக வைத்துத்தான் அவனை உள்ளே விடுவாள். அதெல்லாம் ஒரு பழக்கமென்றே அவனுக்குத் தோன்றவில்லை. தன் தலையில் விழுகிற தண்ணீரை எவன் படம் எடுப்பான்?

எப்படியோ பதினொன்றைத் தேற்றிவிட்டான். பன்னிரண்டாவது தாராவியில் கிடைத்தது.

அங்கே அப்துல் ரவூப் தோல் பதனிடும் தொட்டிகள் வைத்திருந்தார். செருப்புக் கம்பெனிக்குத் தோல் போவது அவரிடமிருந்துதான். அவருக்குப் பச்சைத் தோல் விற்க வருகிறவர்களுக்கெல்லாம் தரகர் திருநெல்வேலிக்காரர் பூதத்தான். தோளிலிருக்கும் துண்டை விரித்து, அதற்குள்ளே விற்பவன் கையைப் பிடிப்பார். மூன்று விரலைப் பிடித்தால் தோலுக்கு மூன்று ரூபாய், நாலைப் பிடித்தால் நாலு; பாதி விரலுக்கு அரை ரூபாய். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது. ஒருத்தன் விலை இன்னொருத்தனுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தனும் தனக்குத்தான் கூடுதலாகக் கிடைத்தது என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனான். இருபது வருஷமாக அங்கே ஒரு சண்டை வந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, தொட்டிக்கு விடுமுறை நாளாகப் பார்த்து, மூக்கில் கைக்குட்டையோடு பஞ்சு போய் இறங்கினான். தோல் விற்க வந்தவன் யாரும் இல்லாததால் முதலாளியும் தரகரும் துண்டுக்குள் கைவிட்டு உட்கார்ந்தார்கள். காமிரா வழியே பார்த்தால் வெறும் துண்டுதான் தெரிந்தது.

"துண்டை எடுத்துடுங்கோ. விரல் தெரிஞ்சாத்தான் நம்பிக்கை தெரியும்" என்றான்.

பூதத்தான் திடுக்கிட்டார். "என்ன சாமி சொல்லுதிய? வேட்டிய அவுக்கச் சொல்லுத மாதிரில்லா இருக்கு!"

"அட, சும்மா படத்துக்குத்தானவே! கம்பெனிக்காரன் நம்ம தோலை வாங்குதவன். எடும்" என்றார் ரவூப்.

துண்டு போயிற்று. எத்தனை விரலைப் பிடிப்பது? கல்யாணப் படத்துக்கு இரவல் நகை போட்டுக்கொள்கிற ஊர் இது. பூதத்தானும் முதலாளியின் கௌரவத்தை நினைத்து ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். பஞ்சு 'க்ளிக்' என்று அமுக்கினான்.

காலண்டர் வந்தது. படத்தில் பூதத்தானும், எதிரே யாருடையதென்று தெரியாத ஒரு கையும்தான். படத்துக்குக் கீழே சந்திரமௌலியே உட்கார்ந்து யோசித்த வாசகம்: 'ஒளிவு மறைவு இல்லை. உள்ளது உள்ளபடி.' தோல் விற்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று இனாமாகப் போயிற்று.

மறுவாரம் தொட்டி வாசலில் ஒரே கூச்சல். "எங்களுக்கு மூணு, மூணரை! எவனுக்கய்யா அஞ்சு?" என்று முன்னால் நின்றார் பூலோகம். இருபது வருஷமாகப் பூதத்தானிடம் கை கொடுத்தவர் அவர்.

"அது படத்துக்குப் பிடிச்ச கைடே! பேச்சியம்மன் சத்தியமா!" என்று பூதத்தான் நெஞ்சில் அடித்துக்கொண்டார். ரவூபும் அதையேதான் சொன்னார். கொடுக்க மனசில்லாதவன் வேறென்ன சொல்வான் என்றது கூட்டம். கடைசியில் படம் எடுத்தவனே வந்து சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

பஞ்சு தாராவிக்குக் கிளம்பும்போது சந்திரமௌலி அவனைக் கூப்பிட்டார். "உள்ளது உள்ளபடின்னு போட்டிருக்கோம். வேஷம்னு சொன்னியோ, காலண்டரும் போச்சு, கம்பெனியும் போச்சு, உன் வேலையும் போச்சு. புரிஞ்சுதா?"

பஞ்சு தொட்டி வாசலில் இறங்கியபோது பூதத்தான் ஓடிவந்தார். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அன்னைக்கு யாவாரமே நடக்கலைன்னு சொல்லுங்க. என் பிழைப்பே இந்தக் கைதான்."

"படம் மெய்யா பொய்யா, அதைச் சொல்லும்" என்றார் பூலோகம்.

பஞ்சு கையிலிருந்த குடையைச் சுவரில் சாய்த்துவைத்தான். "படம்... மெய்தான். காமிரா பொய் சொல்லாது."

மிச்சத்தையும் சொல்லத்தான் நினைத்தான். அதற்குள் கூட்டம் பூதத்தானைச் சூழ்ந்துகொண்டது. அவன் குடையை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான். நடந்துபோகும்போது தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்புறம் ரவூப் வாசலில் ஒரு பலகை மாட்டி, எல்லோருக்கும் மூன்று ரூபாய் என்று சாக்பீஸால் எழுதிவைத்தார். மூன்றரை வாங்கியவனுக்கும் இனி மூன்றுதான். ஆனாலும் அடுத்தவனுக்கும் அதேதான் என்பதில் எல்லோருக்கும் பரம திருப்தி. பலகை இருக்கும்போது தரகர் எதற்கு?

செய்தி கேட்டுச் சந்திரமௌலி துள்ளிக் குதித்தார். "பாத்தியா! அழியறதுக்குள்ளே எடுத்துட்டோம்! என்ன ஒரு தீர்க்கதரிசனம்!" பஞ்சுவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அடுத்த காலண்டரின் அட்டைக்கும் அதே பழக்கம்தான் என்று தீர்மானித்தார். இப்போதுதான் அது நிஜமாகவே மறைந்துவிட்டதே!

இந்தத் தடவை காமிராவைச் சந்திரமௌலியே பிடித்துக்கொண்டார். பூதத்தானுக்குக் கூலி பேசிக் கூட்டிவந்திருந்தார்கள். பிடிக்க இன்னொரு கை வேண்டுமே? பஞ்சு உட்கார்ந்தான். மேலே துண்டு விழுந்தது. உள்ளே பூதத்தானின் விரல்கள் அவன் கையைத் தொட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தன.

பஞ்சுவால் தாங்க முடியவில்லை. மானேஜருக்குக் கேட்காதபடி குனிந்து, "தரகரே, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோங்கோ" என்றான்.

பூதத்தான் குரலைத் தணிக்கவில்லை. "அத்தனை பேர் முன்னால வச்சுச் சொல்லவேண்டியதை, இப்பத் துண்டுக்குள்ள வச்சுல்லா சொல்லுதிய சாமி."


"ரெண்டு பேரும் கொஞ்சம் சிரிங்கோ" என்றார் சந்திரமௌலி.