ஜஸ்டினின் முழங்கால்

கால்பந்தில் கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கராக நான் ஆடியது ஏழு வருடம். உதவிப் பயிற்சியாளராக இது பன்னிரண்டாவது வருடம். ஏதோ பெரிய பதவி என்று என் மனைவி வசந்தா கல்யாண வீடுகளில் பீற்றிக்கொள்வாள். பந்துக்குக் காற்றடிப்பது, தலைமைப் பயிற்சியாளர் ரவிச்சந்திரன் திட்டுவதை ஆட்டக்காரர்களிடம் மரியாதையான வார்த்தையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இவ்வளவுதான் என் பிழைப்பு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஒருவன் காலைப் பார்த்து "ஆடக்கூடாது" என்று நான் சொல்லிவிட்டால் ரவி சார் மறுபேச்சுப் பேச மாட்டார். வலியை மறைத்து, ஊசி போட்டுக்கொண்டு இறங்கி, இருபத்தேழு வயதில் முழங்கால் ஜவ்வை அறுத்துக்கொண்டவன் என்பதால் கிடைத்த கௌரவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவடி மைதானத்தில் ஓர் அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்க மூன்று பேர் வந்திருந்தார்கள். ஸ்ட்ரைக்கருக்கு ஒரே ஓர் இடம், நிரந்தர வேலை. எங்கள் அணியின் ஸ்ட்ரைக்கர், கள்ளிக்குப்பம் ஜஸ்டின், அதற்காகவே இரண்டு வருடமாகக் காத்திருந்தான். அடுத்த மாதம் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

ஆட்டத்துக்கு முன் ஓடவிட்டபோது அவன் இடது காலை ஊன்றத் தயங்குவதைப் பார்த்தேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"லேசா புடிச்சிகினு கீது அண்ணாத்தே, அவ்ளோதான். சார் கைல சொல்லிடாத. இத்த வுட்டா எனக்கு வேற இன்னா கீது?"

"எனக்கும் லேசாதான்டா புடிச்சிகினு இருந்துச்சு" என்றேன்.

ரவி சார் வந்தார். "உத்தமா, ஆடுவானா?"

"வேணாம் சார். ஜவ்வு போயிரும்."

ஜஸ்டின் பெஞ்சில் உட்கார்ந்தான். கடைசிவரை பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அவனுக்குப் பதில் இறங்கிய தினகரன் இரண்டு கோல் அடித்தான். வந்தவர்கள் தினகரனின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஜஸ்டினைப் பூந்தமல்லிக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனேன். டாக்டர் கூப்பிடும்வரை வெளியே உட்கார்ந்திருந்தோம். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கண்ணை மூடி, கைகூப்பி வேண்டிக்கொண்டேன். எதிரே இருந்த அம்மாள் என்னை அவனுடைய அண்ணன் என்றே நினைத்திருப்பார். நான் வேண்டியது வேறு. ஜவ்வு கிழிந்திருக்க வேண்டும். முழுசாக இல்லாவிட்டாலும் பாதியாவது கிழிந்திருக்க வேண்டும். அப்போதுதான் நான் செய்தது சரி என்று ஆகும். இதை நினைக்கிறவன் மனுஷனா என்று தோன்றியது. ஆனாலும் வேண்டுதலை நிறுத்தவில்லை.

டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஜவ்வுக்கு ஒண்ணும் ஆகல. தசைதான் கொஞ்சம் பிடிச்சிருக்கு. நேத்து ஆடியிருந்தாலும் எதுவும் ஆகியிருக்காது."

ஜஸ்டின் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"கால் நல்லா கீதாம் அண்ணாத்தே" என்றான். குரலில் கோபமே இல்லை.

அப்பாடா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.